1.020இல் நின்றுபோன பியர்

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களிடம் எந்த எண்ணைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும் என்று கேளுங்கள். பலர் 1.020 என்பார்கள். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றின் அடர்த்தி, தண்ணீரை 1 என்று வைத்தால், 1.048இல் தொடங்கியது. ஈஸ்ட் போட்டதும் இரண்டு நாள் நுரை பொங்கியது. சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற 1.012 வரை இறங்க வேண்டிய ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் மிதவை) 1.020இல் வந்து அசையாமல் நிற்கிறது. உடனே கை இன்னொரு ஈஸ்ட் பாக்கெட்டைத் தேடும். பெரும்பாலும் அது வீண் செலவு.

(தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். பிரிட்டனில் அப்படியில்லை. சொந்தக் குடிப்புக்குக் காய்ச்ச லைசன்ஸ் வேண்டும் என்ற பழைய விதியை 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கிவிட்டார். இங்கே பேசப்போவது அந்த ஊர் வீடுகளில் நடப்பதை.)

முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவுக் கருவியை. ஏர்லாக்கில் (வாயுவை மட்டும் வெளியே விடும் மூடிக் குழாயில்) குமிழி வரவில்லை என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. வாளியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு அந்த வழியாகப் போய்விடும். ஹைட்ரோமீட்டரிலும் கரியமில வாயுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும், எண் கூடுதலாகக் காட்டும். ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் படிக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது நேரடியாகக் காட்டும் எண் நிஜத்தைவிட அதிகம். கணக்குப் போட்டுத் திருத்தாமல் நம்பினால், நல்லபடியாக முடிந்த பியரும் பாதியில் நின்றதுபோலத் தெரியும்.

சரி, அளவு உண்மைதான், இரண்டு மூன்று நாளாக அதே எண் என்றால், உள்ளே என்ன நடக்கிறது?

மால்ட் சாற்றில் இருப்பது ஒரே சர்க்கரை இல்லை. கொஞ்சம் குளுக்கோஸ், ஏறத்தாழ பாதி மால்டோஸ், அப்புறம் மால்டோட்ரையோஸ், இவை போக ஈஸ்டால் தொடவே முடியாத டெக்ஸ்ட்ரின்கள். ஈஸ்ட் இவற்றை வரிசை வைத்துத்தான் தின்னும். குளுக்கோஸ் இருக்கும்வரை மால்டோஸை உள்ளே கொண்டுவரும் வேலையை ஒத்திப்போடும். கடைசிப் பந்தி மால்டோட்ரையோஸுக்கு. அதை உள்ளே இழுக்க செல் திடமாக இருக்க வேண்டும், ஆனால் அந்த நேரத்தில்தான் செல் ஓய்ந்திருக்கும். சுற்றிலும் ஆல்கஹால் ஏறியிருக்கும், சத்து குறைந்திருக்கும். ஓய்ந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாளியின் அடியில் படிந்துவிடும். தின்ன மிச்சம் இருக்கும்போதே பந்தியைவிட்டு எழுந்துவிடும்.

இந்த ஓய்வுக்கு விதை முதல் நாளிலேயே விழுந்திருக்கும். ஈஸ்ட் பெருகும்போது புதுச் செல்களுக்குச் சவ்வு கட்ட ஸ்டீரால் வேண்டும்; அதைத் தயாரிக்க ஆக்சிஜன் வேண்டும். சாற்றைக் கொதிக்க வைத்தபோது ஆக்சிஜன் முழுக்கப் போயிருக்கும். ஆறிய சாற்றை நன்றாக அடித்துக் காற்றேற்றாமல் ஈஸ்டைப் போட்டால், ஒவ்வொரு தலைமுறைக்கும் சவ்வு நலிந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட செல் ஆரம்பத்தில் ஜோராக வேலை செய்யும், ஆல்கஹால் ஏறியதும் படுத்துவிடும். அதற்காக இப்போது காற்றேற்றலாமா என்றால், கூடாது. பாதி முடிந்த பியரில் ஆக்சிஜன் கலந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம்தான் மிஞ்சும்.

குளிர் இன்னொரு காரணம், நான் முதலில் பார்க்கச் சொல்வதும் இதைத்தான். நொதித்தலே வெப்பம் தரும் வேலை. மும்முரமான நாட்களில் வாளிக்குள் சூடு அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். வேகம் குறைந்ததும் அந்தச் சூடும் அடங்கும். ஜனவரி மாதத்து இங்கிலாந்து வீட்டில், மாடிப்படிக்கு அடியில் வைத்த வாளி, ஈஸ்டுக்குக் கதகதப்பு மிகவும் தேவைப்படும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் 15 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏல் (கதகதப்பில் நொதிக்கும் பியர்) ஈஸ்ட் வகைகள் பலவும் அதில் தூங்கிப்போகும். வாளியை 20, 21 டிகிரி உள்ள இடத்துக்கு மாற்றி, மூடியைத் திறக்காமல், உள்ளே தளும்பாதபடி மெதுவாகச் சுழற்றி அடியில் படிந்த ஈஸ்டைக் கிளப்பிவிட்டு, மூன்று நாள் விட்டுவிடுங்கள். பல பியர் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையா? ஒரு டம்ளர் பியரைத் தனியே எடுத்து, தாராளமாக அதே வகை ஈஸ்டைப் போட்டு, 25 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். டம்ளரில் எண் இறங்கினால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது, வாளியில் உள்ள ஈஸ்ட்தான் சோர்ந்திருக்கிறது. அப்போதும் காய்ந்த ஈஸ்டை அப்படியே தூவாதீர்கள். ஆல்கஹாலுக்குள் நேரடியாக விழுந்தால் அது விழிப்பதே கஷ்டம். கொஞ்சம் புது மால்ட் சாற்றில் போட்டு, நுரைத்து எழும் நேரத்தில் அதை வாளியில் ஊற்ற வேண்டும்.

டம்ளரிலும் எண் அசையவில்லை என்றால் ஈஸ்ட் மேல் குற்றமே இல்லை. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த சூடு கூடிப்போயிருக்கலாம். மாவுச்சத்தை மால்டோஸாக நறுக்கும் பீட்டா அமிலேஸ் என்ற நொதி 60 முதல் 65 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். 70ஐ நெருங்கினால் சீக்கிரம் அழிந்துவிடும். மிஞ்சுவதெல்லாம் டெக்ஸ்ட்ரின். லாக்டோஸ் (பால் சர்க்கரை) சேர்த்த ஸ்டவுட் என்ற கறுப்பு பியரும் இப்படித்தான், அந்தச் சர்க்கரையைப் பியர் ஈஸ்ட் தின்னாது. இரண்டிலும் பியர் கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் முடிந்த பியர்தான். பாட்டிலில் அடைக்கலாம்.

இந்த டம்ளர் சோதனையை நான் வற்புறுத்துவதற்குப் பாட்டில்தான் காரணம். அடர்த்தி ஒரு புள்ளி, அதாவது 0.001 இறங்கும்போது, ஒவ்வொரு லிட்டர் பியருக்கும் ஏறத்தாழ அரை லிட்டர் கரியமில வாயு உண்டாகிறது. வழக்கமான பியரில் லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும். சாதாரணக் கண்ணாடி பாட்டில் அதை ஒட்டித்தான் தாங்கும். தூங்கும் ஈஸ்டோடு 1.020இல் அடைத்து, வாயு ஏறுவதற்காக ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டு, பாட்டிலைக் கதகதப்பான அலமாரியில் வைத்தால், ஈஸ்ட் விழித்துக்கொண்டு மிச்சமிருக்கும் எட்டுப் புள்ளியையும் தின்னும். அது கூடுதலாக நான்கு லிட்டர் வாயு. அப்படிப்பட்ட பாட்டிலைக் கையில் எடுக்க நேர்ந்தால், தடித்த கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முதலில் நன்றாகக் குளிரவைத்து, அப்புறம்தான் மூடியைத் தொட வேண்டும்.