81 மில்லிமீட்டர் குழாய்

ஈராக் போர் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பேரழிவு ஆயுதங்கள் அங்கே இல்லை என்பது அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அவரோடு இருந்தவர்களுக்கும் முன்பே தெரியுமா, இல்லை அவர்களும் ஏமாந்தார்களா என்ற வாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று தேடிப் போனால் விடை கிடைக்காது. யாருடைய மேசைக்கு எந்த அறிக்கை எப்போது வந்தது என்று பார்க்கலாம், அதில் நிறையத் தெரியும். அதற்கு முன் ஒரு அலுமினியக் குழாயின் இயற்பியலைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஈராக் மீண்டும் அணுகுண்டு வேலையில் இறங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டுக்குப் பெரிய ஆதாரமாகக் காட்டப்பட்டது அந்தக் குழாய்தான்.

வெளிவிட்டம் 81 மில்லிமீட்டர். நீளம் 900 மில்லிமீட்டர். சுவரின் தடிமன் 3.3 மில்லிமீட்டர். 7075-டி6 என்று பெயர், விமானங்களுக்குப் பயன்படும் உறுதியான அலுமினியக் கலவை. ஈராக் இதைப் பல்லாயிரக்கணக்கில் ஆர்டர் செய்திருந்தது. 2001-ல் ஒரு சரக்கு ஜோர்டானில் மடக்கிப் பிடிக்கப்பட்டது. யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழற்சி இயந்திரமான சென்ட்ரிஃபியூஜுக்கான சுழல்குழாய்தான் இது என்றது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். மீதி கிட்டத்தட்ட முழுவதும் யுரேனியம்-238. குண்டுக்கு அந்த 0.7-ஐ 90 சதவீதம் அளவுக்கு உயர்த்த வேண்டும். இரண்டும் வேதியியலில் ஒரே மாதிரி நடந்துகொள்வதால் எடையை வைத்துத்தான் பிரிக்க முடியும். யுரேனியத்தை ஹெக்ஸாஃப்ளூரைடு வாயுவாக மாற்றினால் ஒரு மூலக்கூறின் எடை 349 அல்லது 352. ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை. அந்த வாயுவைக் குழாய்க்குள் விட்டு அசுர வேகத்தில் சுழற்றினால், பண்ணைகளில் பாலைச் சுழற்றி க்ரீம் எடுப்பதுபோல, கனமானது சுவரோரம் ஒதுங்கும், லேசானது நடுப்பக்கம் தங்கும். ஒரு குழாயில் நடக்கும் பிரிப்பு மிகவும் சொற்பம். அதனால் ஆயிரக்கணக்கான குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து, மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும்.

எல்லாம் வேகத்தில்தான் இருக்கிறது. 81 மில்லிமீட்டர் குழாயை நொடிக்கு 1500 சுற்று சுழற்றினால் அதன் சுவர் நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒலியைவிட வேகம். அந்த வேகத்தில் குழாய் தன் எடையாலேயே தன்னைக் கிழித்துக்கொள்ளப் பார்க்கும். சரி, சுவரைத் தடிமனாக்கினால் தாங்காதா என்று தோன்றும். தாங்காது. தடிமன் கூடினால் பலம் கூடுகிற அளவுக்கே வெளியே இழுக்கும் எடையும் கூடிவிடுகிறது. ஒரு குழாய் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை அந்த உலோகத்தின் உறுதியும் அடர்த்தியும்தான் முடிவு செய்கின்றன, தடிமன் அல்ல. தடிமனால் கிடைப்பது சுமை மட்டுமே. 3.3 மில்லிமீட்டர் சுவர் கொண்ட இந்தக் குழாயின் எடையைக் கணக்குப் போட்டால் சுமார் 2 கிலோ வருகிறது. ஒரு மில்லிமீட்டர் சுவராக இருந்தால் 600 கிராம் சொச்சம்தான். அந்தச் சுமை முழுவதையும் கீழே ஊசிமுனை போன்ற ஒரு தாங்கி தாங்க வேண்டும், மோட்டார் அதை இழுக்க வேண்டும். அதனால்தான் சென்ட்ரிஃபியூஜ் செய்பவர்கள் சுவரை முடிந்தவரை மெலிதாக்குவார்கள்.

அமெரிக்காவில் இதைக் கைப்பழக்கமாக அறிந்தவர்கள் எரிசக்தித் துறையில் இருந்தார்கள், முக்கியமாக டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில். சென்ட்ரிஃபியூஜை வடிவமைத்து, கட்டி, ஓட்டியவர்கள். 2001-லேயே அவர்கள் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: சுவர் மிகத் தடிமன், விட்டம் மிகக் குறுகல், மேலே பூசப்பட்ட ஆக்ஸைடு படலத்தைச் சென்ட்ரிஃபியூஜுக்குப் பயன்படுத்தும் முன் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். 1991-க்கு முன்பே ஈராக் மாரேஜிங் என்ற மிக உறுதியான எஃகு, கார்பன் இழை ஆகியவற்றில் இதைவிட அகலமான சுழல்குழாய்களில் வேலை செய்திருந்தது. அதை விட்டுவிட்டு ஐம்பதுகளின் அலுமினியத்துக்குத் திரும்பிப் போக ஒரு காரணமும் இல்லை.

அதே அளவு இன்னொரு பொருளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. இத்தாலியின் மெடூசா ராக்கெட்டைப் பார்த்து ஈராக் செய்துவந்த நாசர்-81 ராக்கெட்டின் உடல் அது. அதே விட்டம், அதே நீளம், அதே கலவை. ஈராக்கின் ராக்கெட் ஆலையில் இப்படிப்பட்ட குழாய்கள் குவிந்து கிடந்ததை 1996-லேயே சர்வதேச ஆய்வாளர்கள் பார்த்திருந்தார்கள். ராக்கெட்டுக்குள் எரிபொருள் எரியும்போது உள்ளழுத்தம் எகிறும், அங்கே தடிமனான சுவர் அவசியம். திறந்தவெளியில் அடுக்கிவைத்த பழைய ராக்கெட்டுகள் அரித்துப்போயிருந்தன, மேற்பூச்சு கேட்டதற்கு அதுதான் காரணம். இரண்டு விளக்கங்களில் ஒன்று குழாயின் ஒவ்வொரு அம்சத்துக்கும் காரணம் சொன்னது. இன்னொன்றோ ஒவ்வொரு அம்சத்துக்கும் சமாதானம் தேட வேண்டியிருந்தது.

சிஐஏ பக்கமும் ஆள் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ராக்கெட்டுக்கு இவ்வளவு துல்லியமான, விலை உயர்ந்த குழாய் எதற்கு என்று ராணுவத்தின் ஆயுத ஆய்வாளர்களே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை மக்கள் முன் வந்தது கேள்வி அல்ல, தீர்ப்பு. காலையில் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் குழாய்ச் செய்தி. அதைச் சுட்டிக்காட்டித் துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் பேசினார். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கொண்டலீசா ரைஸ், இந்தக் குழாய்கள் உண்மையில் அணு ஆயுதத் திட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் என்றார். கடைசி ஆதாரம் காளான் மேகமாக வந்து நிற்கும்வரை காத்திருக்க முடியாது என்றும் சொன்னார். எரிசக்தித் துறையின் மறுப்பு அப்போது ஓராண்டுக்கு மேல் பழையது.

அடுத்த மாதம், அமெரிக்க உளவு அமைப்புகள் சேர்ந்து எழுதும் தேசிய உளவு மதிப்பீடு தயாரானது. மூன்று வாரத்துக்குள் அவசரமாக எழுதியது. பெரும்பாலான அமைப்புகள் சென்ட்ரிஃபியூஜ் என்றன. எரிசக்தித் துறையும் வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் இல்லை என்றன. ரகசியமாக வாங்க வேண்டிய பொருளை இப்படி அசட்டையாக வாங்குவார்களா என்று வெளியுறவுப் பிரிவு அதிலேயே கேட்டிருந்தது. (எரிசக்தித் துறை குழாயை மறுத்தாலும், வேறு காரணங்களுக்காக அணுத் திட்டம் மீண்டும் தொடங்கியிருக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தது. அது குழப்பத்தைக் கூட்டியது.) உளவு மதிப்பீடு வேலை செய்யும் முறையில் இருந்த பெரிய ஓட்டை எனக்கு இங்கேதான் தெரிகிறது. சென்ட்ரிஃபியூஜை ஒருநாளும் தொட்டறியாத அமைப்புக்கும் அதைக் கட்டியவர்கள் இருக்கும் அமைப்புக்கும் ஆளுக்கொரு ஓட்டு. கை தூக்கி எண்ணினால் அறிந்தவர் தோற்றுவிடுவார். மக்களுக்கென்று வெளியிட்ட சுருக்கத்தில், பெரும்பாலான நிபுணர்கள் அணுத் திட்டம் என்கிறார்கள், சிலர் சாதாரண ஆயுதம் என்கிறார்கள் என்று ஒரு வரி. அந்தச் 'சிலர்' யார் என்று அதில் இல்லை. அடுத்த வாரமே நாடாளுமன்றம் வாக்களித்துப் போருக்கு அதிகாரம் கொடுத்தது, செனட்டில் 77-க்கு 23.

2003 பிப்ரவரி 5 அன்று வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசினார். கருத்து வேறுபாடு உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டார், அந்த மட்டில் ரைஸைவிட நேர்மை. உடனேயே, இந்தக் குழாய்களின் துல்லியம் இதையொத்த அமெரிக்க ராக்கெட்டுகளுக்குத் தேவைப்படுவதைவிட வெகு அதிகம் என்று வாதிட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு அவருடைய சொந்த உளவுப் பிரிவு எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மார்க்-66 என்ற 70 மில்லிமீட்டர் ராக்கெட் அதே 7075-டி6 கலவையில், ஏறத்தாழ அதே துல்லியத்தில்தான் செய்யப்படுகிறது, இந்த வாதம் நிற்காது என்று அது எச்சரித்தது. பிறகு செனட் விசாரணையில் அது வெளிவந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறாத இடம் இது.

விசாரணைகள் சொன்னதையும் பார்த்துவிடுவோம். புஷ் நியமித்த ஆணையம் 2005-ல் உளவு அமைப்புகள் முழுக்கத் தவறிவிட்டன என்றது, அரசியல் நெருக்கடியால் மதிப்பீடுகள் மாறியதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. 2008-ல் வந்த செனட் குழுவின் அறிக்கை, தலைவர்களின் அணு ஆயுதப் பேச்சுகளுக்கு உளவு மதிப்பீட்டில் பொதுவாக ஆதாரம் இருந்தது, ஆனால் உள்ளே இருந்த கருத்து வேறுபாடுகளை அவை சொல்லவில்லை என்றது. ரைஸும் 2004-ல், சர்ச்சை இருப்பது தெரியும், அதன் தன்மை சரியாகத் தெரியாது என்ற பொருளில் பேசினார். ஆக, ஆயுதம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தே பொய் சொன்னார்கள் என்று நிறுவ முடியவில்லை. சந்தேகம் இருந்தது தெரியும், இருந்தும் சந்தேகமே இல்லை என்று சொன்னார்கள் என்பது பதிவாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுவும் பொய்தான். ஒரு நாட்டைப் போருக்கு அழைத்துப் போகும்போது, தான் எவ்வளவு உறுதியாக இருக்கிறேன் என்பதும் மக்களிடம் சொல்லும் தகவலின் பகுதி.

போருக்கு முந்தைய கடைசி மாதங்களில், சரியாகத் தெரியாது என்ற சாக்கும் இல்லாமல் போனது. 2002 நவம்பரில் ஆய்வாளர்கள் ஈராக்குக்குள் திரும்பினார்கள், ராக்கெட் ஆலைக்கும் போனார்கள். குழாய்கள் ராக்கெட்டுக்கு உரியவையாகவே தெரிகின்றன என்று 2003 ஜனவரி 27 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பராடி பாதுகாப்பு அவையில் அறிவித்தார். மார்ச் 7 அன்று, அணுத் திட்டம் உயிர்பெற்றதற்கு எந்தச் சான்றும் இல்லை என்றார். ஈராக் நைஜரிடம் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் அசல் அல்ல என்றும் அன்றுதான் சொன்னார். மார்ச் 16 அன்று தொலைக்காட்சியில் இதுபற்றிக் கேட்டபோது, எல்பராடி சொல்வது தவறு என்றார் செனி. நான்கு நாளில் போர் தொடங்கியது. ஈராக் முழுக்கத் தேடிய அமெரிக்காவின் சொந்தக் குழு, அணுத் திட்டம் 1991-லேயே முடிந்துவிட்டது, குழாய்கள் ராக்கெட்டுக்குத்தான் என்று 2004-ல் எழுதிக்கொடுத்தது.