மொட்டைத் தலையோடு வந்த மகன்

தைப்பூசம் முடிந்த வாரம், பினாங்கில் எங்கள் கிளினிக்குக்கு ஓர் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன. தண்ணீர்மலையில் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்த மகனை வாசலிலேயே நிறுத்தி, "யாரு தம்பி நீங்க? வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையே" என்றிருக்கிறார். மகன் ஆடிப்போய்விட்டார். அப்புறம் சமையலறையிலிருந்து "அம்மா, டீ போடட்டுமா?" என்று கேட்டதற்கு, "போடுப்பா, சீனி கம்மியா" என்று பதில் வந்ததாம்.

முகத்துக்குக் கிடைக்காத மகன் குரலுக்குக் கிடைத்துவிட்டான். இது எப்படி?

தெரிந்தவரை மூளை எப்படி அடையாளம் வைத்துக்கொள்கிறது என்பதைச் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். கூண்டுக்குள் புதிதாக ஒன்றை விட்டால், இருப்பது அதை வெகுநேரம் மோந்து பார்க்கும். சற்றுப் பொறுத்து அதையே மறுபடி விட்டால், 'ஓ, நீயா' என்று சீக்கிரமே விலகிவிடும். 2014இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹிட்டி, சீகல்பாம் என்ற ஆய்வாளர்கள், மூளையில் நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகேம்பஸில் சிஏ2 என்ற சின்னப் பகுதியை மட்டும் செயல்படாமல் செய்தார்கள். சுண்டெலிகளுக்கு இடம் மறக்கவில்லை, பழகும் ஆசையும் குறையவில்லை. பழகிய சுண்டெலி எது, புதுசு எது என்பதுதான் தெரியாமல் போனது. 2016இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொனெகாவா குழு, பக்கத்திலுள்ள சிஏ1 பகுதியின் செல்களை ஒளியால் தூண்டி, மறந்துபோன அறிமுகத்தையே மீட்டது.

சுண்டெலிக்கு மூக்குதான் முதல், கண் அப்புறம். நமக்குக் கண் முந்திக்கொள்ளும். முகங்களுக்கென்றே மூளையின் அடிப்புறத்தில் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் முகம், குரல், நடை எல்லாம் சேர்ந்துதான் 'என் பிள்ளை'. நோயில் ஒரு வழி அடைபட்டாலும் இன்னொன்று திறந்திருக்கலாம்.

அதனால் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். வருகிற விருந்தாளியெல்லாம் கேட்கும் இந்தக் கேள்வி எனக்கே எரிச்சல். வெளிச்சத்தில், எதிரே நின்று, "அம்மா, பெரியவன் வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கண்ணில் புரை இருக்கிறதா, காது கேட்கிறதா என்றும் பாருங்கள்.

நேற்றுவரை தெரிந்தவர்களை இன்று திடீரென்று தெரியவில்லை என்றால், அது வேறு கதை. சிறுநீர்த் தொற்றுகூட அப்படிக் குழப்பும். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வாய் கோணினாலோ பேச்சு குளறினாலோ மலேசியாவின் அவசர எண்ணான 999ஐ அழையுங்கள்.

அந்த மகன் இப்போது கேட்டைத் திறக்கும்போதே "அம்மா" என்று குரல் கொடுக்கிறாராம். மீசையையும் வளர்க்கிறார்.