வெறும் பைப் எப்படிக் கூரையைச் சுமக்கிறது?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மொட்டை மாடிக்கு மேல் சீற் கூரை போடப் போகிறோம். நாலங்குல பைப்பைத் தூணாக வைத்தால் போதும் என்கிறார் பாஸ். உள்ளே ஒன்றுமே இல்லாத பைப் தாங்குமா? முழு இரும்புக் கம்பியாக வைப்பதுதானே பாதுகாப்பு?"

பாஸ் சொன்னதுதான் சரி. ஏன் சரி என்பது மிக அழகான விஷயம்.

சாதாரண எஃகு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ இரண்டரைத் தொன் பாரம் வரும்வரை நசுங்காது. அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பெருவிரல் தடிப்புக் கம்பியே வீட்டுக் கூரைக்குத் தாராளம். ஆனால் நீண்ட மெல்லிய தூண் நசுங்கும் கட்டத்துக்கு வருவதே இல்லை. அதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் வளைந்து விழுந்துவிடும். ஒரு தென்னை ஈர்க்கை நிமிர்த்தி, இரண்டு முனைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரம் நேராக நிற்கும், பிறகு திடீரென்று வில்லாகும். கையை எடுத்தால் மறுபடி நேராகிவிடும். அதாவது ஈர்க்கு உடையவில்லை, நேராக நிற்கும் தன்மையைத்தான் இழந்தது.

அந்த 'திடீர்' எங்கிருந்து வருகிறது? உலகில் எந்தத் தூணும் முழுக்க நேரானதில்லை. நடுப்பகுதி ஒரு மில்லிமீற்றர் விலகியிருக்கிறது என்று வைப்போம். பாரம் இரண்டு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டில் இறங்குகிறது. எஃகோ அந்தக் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. பாரத்தை அந்த இடைவெளியால் பெருக்கினால் வருவது திருப்பம், உயர்தர வகுப்பில் படித்த அதே திருப்பம்தான். அது தூணை மேலும் வளைக்கப் பார்க்கிறது. எஃகின் விறைப்பு தடுக்கிறது. வளைவு கூடினால் இடைவெளியும் கூடும், வளைக்கும் திருப்பமும் கூடும். எதிர்க்கும் திருப்பமும் அதே அளவு விகிதத்தில் கூடும்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் வளைவோடு சேர்ந்தே வளர்வதால், எவ்வளவு வளைந்தது என்பது வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. பாரத்தின் அளவு மட்டும்தான் தீர்மானிக்கிறது. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே விறைப்பு வெல்லும். எல்லையைத் தாண்டினால் மயிரிழை விலகல் இருந்தாலும் பாரம் வெல்லும். எல்லையை நெருங்கும் விதமும் பயங்கரமானது: ஒரு மில்லிமீற்றர் கோணல் பாதிப் பாரத்தில் இரண்டு மில்லிமீற்றராகும், 90 வீதத்தில் பத்தாகும்.

இந்த எல்லையைக் கணிதமேதை லெயோனார்ட் ஒயிலர் 1744இலேயே கண்டுவிட்டார். எஃகுத் தூண்கள் வருவதற்கு நூறாண்டுக்கும் மேல் இருந்த காலம் அது. நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு என்கிறது அவர் சூத்திரம்: தூண் இரட்டிப்பு நீளமானால் தாங்குவது கால்வாசி. பொருளின் விறைப்பை அளக்கும் யங்கின் மட்டு அதில் இருக்கிறது, எஃகின் வலிமை இல்லவே இல்லை. எல்லா எஃகுக்கும் யங்கின் மட்டு கிட்டத்தட்ட 200 கிகாபஸ்கால்தான். ஆகவே ஒல்லியான தூணுக்கு விலை கூடிய உயர்வலு எஃகு வாங்குவது வீண் செலவு.

மிச்சம் இருப்பது வடிவம். வளையும்போது தூணின் நடு அச்சில் உள்ள எஃகு சும்மா இருக்கிறது. ஓரத்தில் உள்ள எஃகுதான் இழுபட்டும் அமுங்கியும் போராடுகிறது. அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கப்படி அதன் பங்கு கூடும். 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள முழுக் கம்பியையும், 114 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 3.6 மில்லிமீற்றர் சுவரும் உள்ள பைப்பையும் எடுங்கள். இரண்டிலும் எஃகு ஏறக்குறைய ஒரே அளவு, மீற்றருக்குப் பத்துக் கிலோ. மூன்று மீற்றர் உயரத்தில் கம்பி மூன்று தொன்னுக்குள் வளைந்துவிடும். பைப்பின் விறைப்போ 15 மடங்கு. கோணலையும் எஃகின் வலிமை எல்லையையும் கணக்கில் எடுத்தாலும் அது தாங்குவது இருபது தொன்னைத் தாண்டும்.

அப்படியானால் சுவரை இன்னும் மெல்லியதாக்கி விட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போகலாமா? முடியாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு தூண் நேராகவே நிற்க, சுவர் மட்டும் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். மெல்லிய உருளைகள் ஏட்டுக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கிலேயே, சிலவேளை அதற்கும் கீழே, மடிந்தது பொறியியலாளர்களை நெடுங்காலம் குழப்பியது. 1941இல் விமானவியல் அறிஞர்களான வான் கார்மானும் சியன் சூசெனும்தான் இந்தப் புதிரை அவிழ்க்கத் தொடங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு நெளிவுகூட உருளையின் பலத்தைப் பெருமளவு தின்றுவிடும். 2011இலும் நாசா 8.4 மீற்றர் விட்டமுள்ள அலுமினிய-லிதிய உருளை ஒன்றை வேண்டுமென்றே அமுக்கி நசுக்கியது, இதைத் துல்லியமாக அறிவதற்காக.

ரொக்கெட்டுக்கு அவர்கள் செலவழிக்கட்டும். உப்புக்காற்றில் மெல்லிய பைப் எத்தனை வருடம் தாங்கும் என்பதை நமக்காக வேறு யாரும் சோதிக்கப் போவதில்லை. மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இந்த மாதிரி ஆய்வுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடற்கரைப் பக்கம் நிற்கும் பைப் தூண்களின் அடியைக் கவனியுங்கள். அடித்தட்டோடு உருக்கி ஒட்டவைத்த இடத்தில்தான் பெயின்ற் முதலில் கொப்பளித்து, அதன் கீழே செம்பழுப்புக் கோடு விழும். மடிப்பு விழும் அளவுக்கு மெல்லிய சுவரில் மூன்றில் ஒரு பங்கைத் துரு தின்றால், தாங்கும் பலம் பாதிக்கும் கீழே போய்விடும்.

ஆகவே வாசகிக்கு: பழைய சோனகத் தெருவில் பைப் வாங்கும்போது விட்டத்தை மட்டும் கேட்காதீர்கள். வெட்டு முனையில் சுவர்த் தடிப்பை அளந்து காட்டச் சொல்லுங்கள். மேல் வாயைத் தட்டு வைத்து முழுக்க ஒட்டச் சொல்லுங்கள், திறந்திருந்தால் மழைநீர் உள்ளே தேங்கி வெளியே தெரியாமல் அரிக்கும். தூணை நட்டதும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், தூண் தலைகளைக் கூரைச் சட்டத்தோடும், சட்டத்தைக் குறுக்குக் கம்பிகளால் சுவரோடும் கட்ட வேண்டும். தலை ஆடாமல் பிடிக்கப்பட்ட தூணோடு ஒப்பிட்டால், அடி மட்டும் இறுகி, தலை தன்பாட்டில் ஆடும் தூண் அதில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் தாங்கும். காற்று கூரையைத் தூக்கப் பார்க்கும் கணக்கு வேறு, அதற்கு ஒரு பொறியியலாளரைக் கேளுங்கள்.