மேக விதைப்பு: ஒரு சொல் விளக்கம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024-இலும் ஃப்ளோரிடா மாநிலம் 2025-இலும் வானிலையை மாற்ற முயல்வதைத் தடைசெய்து சட்டம் இயற்றின. அச்சட்டங்களைத் தமிழில் எழுத முனைபவர் முன் செயற்கை மழை, மேக விதைப்பு, வானிலை மாற்றம் என்னும் மூன்று தொடர்கள் நிற்கின்றன. மூன்றும் ஒரே பொருளைத் தருவன அல்ல. மேகத்தில் சில பொருள்களைத் தூவி மழையையோ பனியையோ பொழியச் செய்ய முயல்வதே மேக விதைப்பு.

விதைப்பு என்னும் உருவகம் 1946-இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் நடந்த ஆய்வுகளையொட்டி வேரூன்றியது. உள்ளே கருப்பு வெல்வெட் விரித்த ஓர் உறைபெட்டிக்குள் தம் மூச்சையே ஊதி மேகம் உண்டாக்கிய ஆய்வாளர் வின்சென்ட் ஷேஃபர், அதில் உலர் பனிக்கட்டியை (உறைந்த கார்பன் டைஆக்சைடை) இட்டதும் கணக்கற்ற பனிப்படிகங்கள் மின்னக் கண்டார். மேகத்தின் நீர்த்துளிகள் 0 டிகிரி செல்சியசுக்குக் கீழேயும் உறையாமல் மிதக்கக்கூடும். அவை பற்றிக்கொண்டு உறைய ஒரு வித்து வேண்டும். பனிக்கட்டியை ஒத்த படிக அமைப்புடைய வெள்ளி அயோடைடு அந்த வித்தாகும் என்பதை அதே ஆண்டில் மற்றோர் ஆய்வாளரான பெர்னார்டு வானகட் கண்டறிந்தார்.

நெல் விதைப்பு என்றால் நெல்லை விதைப்பது. அப்படியானால் மேக விதைப்பு மேகத்தையே விதைப்பதாகிவிடாதா என்று கேட்கலாம். புழுதி விதைப்பு என்று உழவர் சொல்லும்போது புழுதியை யாரும் விதைப்பதில்லை, புழுதியில் விதைக்கிறார்கள். மேக விதைப்பும் அவ்வாறே ஏழாம் வேற்றுமைத் தொகையாக நிற்கிறது; ஆகவே இலக்கணப் பிழை இல்லை. முகில் விதைப்பு எனத் தனித்தமிழில் சொல்வதும் நன்றே.

செயற்கை மழை என்பதைச் சட்டப் பெயர்ப்பில் நான் ஏற்கமாட்டேன். பெய்வது மேகத்தில் ஏற்கெனவே இருந்த நீர்தான். அதில் செயற்கை ஏதுமில்லை. மேலும், டென்னசிச் சட்டம் தடுப்பது வெப்பநிலை, வானிலை, சூரிய ஒளியின் செறிவு ஆகியவற்றைப் பாதிக்கும் வெளிப்படையான நோக்கத்துடன் வேதிப்பொருள்களை வளிமண்டலத்தில் பரப்புவதை. ஒரு துளியும் பெய்யாவிட்டாலும் அச்செயல் சட்டமீறலே. உரிமம் பெற்றுச் செய்யலாம் என்றிருந்த பழைய பிரிவுகளை நீக்கிய ஃப்ளோரிடா, மீறுவோருக்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் 1,00,000 டாலர் வரை அபராதமும் விதிக்க வழிசெய்துள்ளது.

இத்தனை கடுமையும் வேண்டுமென்றே செய்பவர்மீது பாய்வதால், வானிலை மாற்றம் என்ற தொடரும் போதாது. ஆட்சி மாற்றம், பருவ மாற்றம் என்பவற்றைப் போல அது தானே நிகழ்வதாக ஒலிக்கிறது. காலநிலை மாற்றத்தோடும் குழம்புகிறது. மாறுதல் தன்வினை, மாற்றுதல் பிறவினை. ஆகவே செய்பவரைச் சுட்டும் வானிலை மாற்றுகை என்பதே சட்டத்திற்குப் பொருந்தும். அதன் ஒரு வகையே மேக விதைப்பு. யூட்டா, ஐடஹோ மாநிலங்களில் இன்றும் அனுமதியோடு அது நடைபெறுகிறது. குளிர்காலத்தில் அங்கு எதிர்பார்க்கப்படுவது மழைகூட அன்று, மலைமேல் விழும் பனி.