வைரத்துக்குள் வெப்பம் எங்கே தடைபடுகிறது?

அறை வெப்பநிலையில் தூய ஒற்றைப் படிக வைரத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 2,200 வாட். செம்புக்கு 400தான். ஆனால் மின்னணுச் சில்லுகளைக் குளிர்விக்கச் சி.வி.டி. முறையில் (வாயுக்களின் வேதிவினையால் படியவைத்து) வளர்க்கும் வைரத் தகடு பெரும்பாலும் ஒற்றைப் படிகமல்ல. எண்ணற்ற படிகத் துகள்கள் ஒட்டி வளர்ந்த கூட்டு. அடிப்பக்கத்தில் நானோமீட்டர் அளவில் தொடங்கும் துகள்கள் மேலே போகப்போகத் தூண்களாகப் பருக்கும். தகடு முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொன்னால் போதாது. துகளின் நடுவில் எவ்வளவு, விளிம்பில் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

அதற்கு மெருகேற்றிய பரப்பில் சுமார் 80 நானோமீட்டர் அலுமினியம் பூசுவார்கள். லேசர் ஒளி வைரத்தை ஊடுருவிப் போய்விடும். அலுமினியம் உறிஞ்சிச் சூடாகும். ஒரு கெல்வின் ஏறினால் அதன் எதிரொளிப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே மாறும். துடிப்பு லேசரின் கதிரை இரண்டாகப் பிரித்து, சூடேற்றும் கதிரை 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் பண்பேற்றுவார்கள், அதாவது அதன் வலிமையை அந்த வேகத்தில் ஏற்றி இறக்குவார்கள். இன்னொன்று, நகரும் கண்ணாடியால் தாமதமாக வந்து எதிரொளிப்பைப் பார்க்கும்: பாதை 30 செ.மீ. கூடினால் தாமதம் ஒரு நானோவினாடி. அந்த அதிர்வெண்ணில் வரும் மாற்றத்தை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கி தரும் இரு சமிக்ஞைகளின் விகிதத்தை வெப்பப் பரவல் மாதிரியோடு பொருத்தினால் கடத்துதிறன் கிடைக்கும். அலுமினியத்தின் தடிமனையும் அதே அளவீடு காட்டிவிடும்: படலத்துக்குள் போய்த் திரும்பும் ஒலியின் எதிரொலி சுமார் 25 பிக்கோவினாடியில் வரும்.

பெரிய தொல்லை, அலுமினியமும் வைரமும் சந்திக்கும் இடைமுகம். அதன் கடத்தல் சதுர மீட்டர்-கெல்வினுக்கு 100 மெகாவாட் என்றால், அந்த ஒரு எல்லையின் தடை 22 மைக்ரான் வைரத்தின் தடைக்குச் சமம்! வைரப் பரப்பில் ஹைட்ரஜன் ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்; பூசுமுன் பரப்பை ஆக்சிஜனேற்றினால் இணைப்பு வெகுவாக மேம்படும். பண்பேற்றத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் வெப்பம் 6 மைக்ரானுக்குப் பதில் 20 மைக்ரான் வரை இறங்கும். வைரத்தின் பங்கு தெளிவாகும். ஆனால் அப்போது வெப்பம் பக்கவாட்டிலும் பரவுவதால், லேசர்ப் புள்ளியின் ஆரத்தில் செய்யும் பிழை நேராகக் கடத்துதிறனில் ஏறும். மாதிரி சற்றே சாய்ந்திருந்தாலும் குவியம் விலகி, புள்ளிபுள்ளியாக அளந்து வரையும் வரைபடத்தில், உண்மையில் இல்லாத சரிவு தோன்றும்.

2018இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் போரான் கலந்த வைரத்தில் இம்முறையோடு துகள்களின் எல்லைகளைக் காட்டும் எலக்ட்ரான் பின்சிதறல் விளிம்பு விளைவையும் சேர்த்தார்கள். பெரிய துகளின் நடுவில் 1,000 வாட் இருந்த கடத்துதிறன், துகள் எல்லையருகே 400 ஆனது. எல்லையின் அகலம் நானோமீட்டர் அளவுதான்; பாதிப்போ சுமார் 10 மைக்ரான் தூரம் வரை தெரிந்தது. வெப்பத்தைச் சுமக்கும் ஃபோனான்களில் (படிக அதிர்வின் துணுக்குகளில்) பல, வைரத்தில் மைக்ரான் கணக்கில் சிதறாமல் ஓடக்கூடியவை; எல்லையில் முட்டிச் சிதறினால் அந்த ஓட்டம் அத்தனை தூரத்துக்கும் குறைகிறது.