வாழைப்பழத்தைக் கீழே வையுங்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள்

மறுபடியும் ஒரு பட்டன் பேட்டரி, காசு மாதிரி வட்டமாக இருக்குமே, அதுதான். குழந்தை விழுங்கியது முதல்நாள் சாயங்காலம், என்னிடம் வந்தது மறுநாள் காலை. "வாழைப்பழம் குடுத்தோம் டாக்டர், காலையில வெளிய வந்துடும்னு பாட்டி சொன்னாங்க." எண்டோஸ்கோபியில், அதாவது கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில், உணவுக்குழாயின் சுவர் கருகிக் கிடந்தது.

இந்த வாழைப்பழத்தை யார் நம் தலையில் கட்டினார்களோ! நாணயம் வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். பழம் கொடுத்ததால் வந்தது என்று நாம் கணக்கு எழுதிக்கொள்கிறோம். தொண்டைக்குக் கீழே சிக்கிய பேட்டரியைப் பழமும் தள்ளாது, சோற்று உருண்டையும் தள்ளாது. மேலே போய் உட்காரும், அவ்வளவுதான். வயிறு நிறைந்திருந்தால், பேட்டரியை எடுக்க மயக்க மருந்து கொடுப்பதும் ஆபத்து. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

"ரிமோட்டே ஓடாத பழைய பேட்டரிதானே?" என்பார்கள். ரிமோட்டுக்குப் போதாத மின்சாரம் குழந்தையின் சதையை அரிக்கப் போதும். எச்சில் பட்டதும் சதையை அரிக்கும் காரம் (ஆல்கலி) உண்டாகும், 2 மணி நேரத்தில் சுவர் வெந்துவிடும். எடுத்த பிறகும் அரிப்பு நிற்பதில்லை. சில நாள் கழித்து மூச்சுக்குழாயில் ஓட்டை விழலாம், பெரிய ரத்தக்குழாயே கிழியலாம்.

நம் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: எக்ஸ்-ரேயில் வட்டமாகத் தெரிந்ததும் 'காயின்' என்று எழுதிவிடாதீர்கள். ஓரத்தில் இரட்டை வளையம் தெரிகிறதா, பாருங்கள்; தெரிந்தால் அது பேட்டரி.

பேட்டரி என்று சந்தேகம் வந்தாலே கிளம்புங்கள். தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காராதீர்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போல, குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள், இல்லை 108ஐ அழையுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, எச்சிலை முழுங்க முடிகிறது என்றால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. அது அரிப்பை மட்டுப்படுத்தத்தான், பேட்டரியைத் தள்ள அல்ல. தேன் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்.

குட்டிக் காந்தங்கள் இரண்டு உள்ளே போனாலும் இதே அவசரம்தான். குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் நசுக்கிப் பிடித்து ஓட்டை போட்டுவிடும்.

அப்புறம், கொலுவுக்கு வாங்கிய பேட்டரி அகல் விளக்குகளை இன்றைக்கே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மூடியில் ஸ்குரூ இல்லையென்றால் டேப் ஒட்டுங்கள். தீர்ந்த பேட்டரியை மேஜை டிராயரில் போட்டு வைக்காதீர்கள், இரண்டு பக்கமும் டேப் சுற்றி அப்புறப்படுத்துங்கள். பாட்டியிடமும் சொல்லிவிடுங்கள், கோபப்படாமல்.