மலத்தியன் மணமும் வாயடைத்த ஜீனும்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் வளர்ந்த ஐம்பது வயதுக்காரருக்கு அந்த மணம் மறக்காது. மலேரியா மருந்தடிக்க வருபவர்கள் சட்டி பானையை முற்றத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, சுவரெல்லாம் அடித்துவிட்டுப் போவார்கள். டி.டி.ரி.க்குப் பதிலாக 1970களில் இலங்கைக்கு வந்த மலத்தியன் என்ற பூச்சிக்கொல்லி அது. நுளம்பு செத்தது, அதே வீட்டில் படுத்தவர்கள் காலையில் எழும்பி வயலுக்குப் போனார்கள். எப்படி?

மலத்தியன் உடலுக்குள் மலஒக்சனாக மாறினால்தான் நரம்பைப் பலமாகத் தாக்கும். நமது ஈரலில் உள்ள காபொக்சிலெஸ்டரேஸ் என்ற நொதியமோ அதற்கு முன்பே அதை வெட்டி, சிறுநீரோடு போகிற அமிலமாக்கிவிடும். நுளம்புகளிடம் இந்த நொதியம் போதாது. (பின்னாளில் அது கைவந்த நுளம்புகளுக்கு மருந்து பலிக்கவில்லை.)

சரி, ஈரலில் எத்தனையோ நொதியங்கள் உண்டு. வெட்டுவது இதுதான் என்று எப்படி உறுதிப்படுத்துவது? இதை ஆக்கும் சி.இ.எஸ்.1 ஜீனின் வாயை மட்டும் அடைத்துப் பார்க்கலாம்.

ஜீனிலிருந்து தூது ஆர்.என்.ஏ. பிரதி வரும், அதை வாசித்தே நொதியம் கட்டப்படும். அந்தத் தூதின் ஒரு துண்டுக்குப் பொருந்துகிற, சுமார் 21 எழுத்து நீளமான ஈரிழை ஆர்.என்.ஏ.யை (குறுக்கிடும் ஆர்.என்.ஏ. என்பது இதைத்தான்) கொழுப்புத் துளியில் பொதிந்து ஈரல் கலங்களுக்குக் கொடுப்பார்கள். உள்ளே ஆர்கோனோட் என்ற புரதம் ஓர் இழையைக் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளும். அந்த இழையோடு பொருந்தும் தூது அகப்பட்டதும் நடுவால் வெட்டிவிடும். ஒன்றை வெட்டியதோடு ஓயாது, அடுத்ததைத் தேடும். புழுக்களில் இந்த வித்தையை 1998இல் காட்டிய விஞ்ஞானிகள் ஃபயருக்கும் மெலோவுக்கும் 2006இல் நோபல் கிடைத்தது.

ஜீன் அப்படியே இருக்கும், அதன் பேச்சுத்தான் எடுபடாது. ஏற்கனவே கட்டிய நொதியமும் உடனே மறையாது. அதனால் இரண்டு மூன்று நாள் பொறுத்துத்தான் மலத்தியனைக் கலக்க வேண்டும். எழுத்துகளைக் குழப்பிய போலி ஆர்.என்.ஏ. கொடுத்த கலங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்புத் துளி செய்த கெடுதியை ஜீனின் தலையில் கட்டிவிடுவோம். வாயடைத்த கலங்களில் மட்டும் மலத்தியன் வெட்டுப்படாமல் தேங்கினால், ஆள் பிடிபட்டது.

1976இல் பாகிஸ்தானில் இது மனிதரிலேயே தற்செயலாக நடந்தது. மலேரியா ஒழிப்பில் மலத்தியன் அடித்த சுமார் 2,800 தொழிலாளருக்கு நஞ்சேறி, 5 பேர் இறந்தார்கள். மலத்தியன் உருமாறி உண்டாகி, மருந்தில் கலந்திருந்த ஐசோமலத்தியன் காபொக்சிலெஸ்டரேஸை முடக்கியிருந்தது. குறுக்கிடும் ஆர்.என்.ஏ. புது நொதியம் உருவாகாமல் தடுக்கும். ஐசோமலத்தியனுக்கு அந்தப் பொறுமை இல்லை, இருந்த நொதியத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது.